சைலன்சருக்குள் ஒரு செங்கல்

1

இன்றைக்கு எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் இந்தத் தாளில் வரி நேராக ஓடினாலே பெரிய விஷயம். நாங்கள் இங்கிலாந்து வந்து இந்த வாரத்தோடு பத்து வருஷம். அதைப் பற்றி எழுதி அனுப்பச் சொல்லி நம் பத்திரிகைக்காரர் கடிதம் போட்டு மூன்று மாதமாகிறது. குளிர், பனி, உப்புச் சப்பில்லாத சாப்பாடு என்று நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதையெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் போன வாரம் இங்கே நடந்ததை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது!

என் பெயர் ஏழுமலை. ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், நெல் விவசாயக் குடும்பம். கும்மிடிப்பூண்டியில், கல்கத்தா போகிற ஜி.என்.டி. ரோட்டு ஓரத்து லாரி ஒர்க்‌ஷாப்பில் ஆறு வருஷம் டீசல் மெக்கானிக்காக இருந்தேன். இங்கே ஒரு பஸ் டெப்போவில் இரண்டாம் கிரேடு ஃபிட்டர். காலை ஆறு மணிக்குக் கார்டு குத்தி உள்ளே போனால் மாலை வரை பஸ்ஸுக்கு அடியில்தான் குடித்தனம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சரோஜா வாசலிலேயே பழைய துணியை நீட்டுவாள். "இந்தாங்க, அந்தக் கரியத் தொடச்சிகினு உள்ள வாங்க. சோபா வெள்ளையா இருக்குது." பத்து வருஷமாக இதே வரவேற்புதான்.

கைக்குழந்தையாகத் தூக்கி வந்த எங்கள் தேவகிக்கு இப்போது பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் டேவி. ஐந்து வயது வரை என்னை நைனா என்று கூப்பிட்டாள். இப்போது டாட். கோபம் தலைக்கேறினால் மட்டும் பழைய நைனா வரும். நான் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றால் நாலு அடி தள்ளியே நடப்பாள். என் கையிலுள்ள கறுப்பு காரணமா, என் இங்கிலீஷ் காரணமா என்று நான் கேட்டதில்லை. ஒருமுறை அவளுடைய டீச்சரிடம் "உங்கள் பெண் எப்படி ஓடுகிறாள்?" என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் எதையோ கேட்டுவிட்டேன். வண்டியைக் கேட்கிற வாய்க்கு வேறு வார்த்தை வரவில்லை. அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

இப்படிப்பட்ட பெண்தான் போன செவ்வாய்க்கிழமை மாலை மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

அவளுடைய வகுப்பு சனிக்கிழமை கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. போக வேண்டிய பஸ் எங்கள் டெப்போவின் பதினாலாம் நம்பர். அன்று காலை வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரி ஒருவர் அந்த பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்தி, பின்னால் வந்த கரும்புகையைப் பார்த்து, ஓட்டக்கூடாது என்று கண்ணாடியில் தாள் ஒட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் மறுபடி வந்து பார்ப்பார். அப்போதும் புகை வந்தால் கடற்கரை கிடையாது. வேறு பஸ்ஸும் கிடையாது, எல்லாம் சனிக்கிழமைக்கு முன்பதிவாகிவிட்டது.

"டீச்சர் சொல்லச் சொல்ல எல்லாரும் அழறாங்க டாட். நான் எழுந்து நின்னு சொல்ட்டேன். எங்க டாட் அந்த பஸ்ஸ சரி பண்ணிடுவாருன்னு. பிராமிஸ் பண்ணிட்டேன்!"

முப்பத்திரண்டு பிள்ளைகள் முன்னால் என் பெண் என் பெயரில் சத்தியம் செய்திருக்கிறாள். நாலு அடி தள்ளி நடப்பவள்! எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ராத்திரி சாப்பாட்டில் ஒரு தோசை கூடவே இறங்கியது.

2

மறுநாள் காலை நேராக ஃபோர்மேன் ஆல்பர்ட்டிடம் போய் நின்றேன். நல்ல மனிதர், ஆனால் அவருக்குத் தாளில் இல்லாதது உலகத்திலேயே இல்லை. இரண்டாம் கிரேடு ஃபிட்டர் புகைக் கேஸைத் தொடக்கூடாதாம். அதற்கு முதல் கிரேடு ஆள் வேண்டும். முதல் கிரேடு ஜார்ஜ் லீவில் மீன் பிடிக்கப் போயிருக்கிறார். பச்சைத் தாளில் விண்ணப்பம் எழுதி, ஆபீஸில் முத்திரை வாங்கி, அதன் நகலை ஸ்டோரில் கொடுத்த பிறகுதான் எனக்கு ஸ்பேனரே கிடைத்தது. அதற்குள் பதினோரு மணி.

புகையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிறேன், கேளுங்கள். இதைச் சொல்லும்போது எனக்குத் தானாகவே குரல் ஏறிவிடும். டீசல் எஞ்சின் தன் உடம்புக்கு என்ன என்பதைப் புகையில் சொல்லிவிடும். நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கைப் பார். காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்தால் குளிர், விட்டுவிடு. சூடேறிய பிறகும் வெள்ளை நின்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. கறுப்பு வந்தால் ஒரே அர்த்தம்தான்: உள்ளே போகிற டீசலுக்குப் போதுமான காற்று இல்லை. டீசல் கூடியிருக்கும், அல்லது காற்று குறைந்திருக்கும்.

முதலில் ஏர் ஃபில்டர். கழற்றிப் பார்த்தேன், சுத்தம். அடுத்து இன்ஜெக்டர்கள். ஆறையும் கழற்றிப் பம்பில் வைத்து அடித்துப் பார்த்தேன். பூப்போல் தூவியது, சொட்டு நிற்கவில்லை. பம்ப் டைமிங் பார்த்தேன், முடி அளவு பிசகில்லை. டீசல் அளவு கூடாமல் வைத்த சீலும் உடையாமல் அப்படியே இருந்தது. மறுபடி எல்லாவற்றையும் பூட்டி எஞ்சினைக் கிளப்பி ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், அம்மாடி, அமாவாசை இருட்டு! ஷெட் சுவரே கறுத்துப்போனது.

வியாழக்கிழமை மதியம் வரை இதே கதை. ஆல்பர்ட் வந்து எட்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், போவார். தேவகியின் முகம் கண் முன்னால் வந்து வந்து போனது. வெள்ளிக்கிழமை மாலை அவளிடம் என்ன சொல்வேன்?

பஸ் மேட்டில் ஏறத் திணறுகிறது என்று டிரைவர் எழுதிய குறிப்பை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். இழுவை இல்லை, கரும்புகை, எஞ்சின் சீக்கிரம் சூடாகிறது. மூன்றும் சேர்ந்து வருகிறது. காற்று உள்ளே வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறேனே, புகை வெளியே போகிற வழியை யார் பார்ப்பது? பழைய புகை போனால்தானே சிலிண்டருக்குள் புதுக்காற்றுக்கு இடம்!

எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகிற குழாயின் ஜாயின்டைத் தளர்த்தி, குழாயைக் கீழே இறக்கிவிட்டு எஞ்சினைக் கிளப்பினேன். காது கிழிகிற சத்தம். ஆபீஸிலிருந்து கிளார்க்குகள் ஓடி வந்தார்கள். ஆல்பர்ட் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு என்னவோ கத்தினார். நான் திறந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தச் சொல்லி, சீட்டில் ஏறியிருந்த டிரைவருக்குக் கை காட்டினேன். வந்த புகை இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. அத்தனை சுத்தம்!

எஞ்சின் நல்ல எஞ்சின். அடைப்பு சைலன்சர் பக்கம். துள்ளிக் குதித்தேன் என்றால் நிஜமாகவே குதித்தேன், மேலே இருந்த பைப்பில் தலை இடித்தது. தலையைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது. இதே வேலையை இதே மாதிரி ஒருவர் செய்து நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அடைத்தவன் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

3

நான் கப்பலேறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு ஐப்பசி. வேலைக்கு லீவு போட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். திருவள்ளூரில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய எங்கள் ஒர்க்‌ஷாப் முதலாளியின் லாரி, ஊத்துக்கோட்டை தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆற்றில் வெள்ளம் பாலத்துக்கு மேலே முட்டியளவு ஓடியது.

லாரி டிரைவர் ரத்தினம் அண்ணன். கல்கத்தா லைன் ஓட்டுகிறவர். போக நாலு நாள், வர நாலு நாள். திரும்பி வந்ததும் ஒர்க்‌ஷாப் டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆற்றுப் பாலத்தையும் பேர் சொல்லிச் சொல்வார், நாங்கள் வாய் பிளந்து கேட்போம். அந்த லைன்தான் அவருக்கு உயிர்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பாலத்தைத் தாண்ட ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் ஏறினால் எஞ்சினை ஓட்டிக்கொண்டு இறங்கமாட்டார்கள். நடுவில் நின்றுபோனால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்கு ஏறிவிடும். அதனால் எஞ்சினை நிறுத்தி, புகைக்குழாயின் வாயைச் சாக்கால் அடைத்து, மூன்று ஜோடி மாடு பூட்டி இழுப்பார்கள். அக்கரை போனதும் சாக்கை உருவிவிட்டுக் கிளப்ப வேண்டியதுதான். என் நைனா தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். ஊரே கரையில் கூடிவிட்டது.

"ஏழுமல, அந்தச் சாக்கச் சுருட்டி வாய அடைடா. வளைவத் தாண்டி உள்ள தள்ளாத, அப்பால பேஜாரா பூடும்" என்றார் ரத்தினம் அண்ணன்.

சொன்னதைச் செய்திருக்கலாம். ஊர் பார்க்கிறது, நானோ மெக்கானிக். சும்மா இருப்பேனா? சாக்கு தண்ணீர் விடும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் நெற்குதிரின் வாயைக் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைப்போம், ஒரு எறும்பு நுழையாது. குனிந்து கழனிக் களிமண்ணை அள்ளினேன், வைக்கோலைக் கிள்ளிப் போட்டுப் பிசைந்தேன், உருண்டை பிடித்துக் குழாயில் திணித்து ஒரு கழியால் குத்து குத்து என்று குத்தினேன். அதற்கு மேல் சாக்கு. யாருக்கும் எதுவும் தெரியாது.

மாடுகள் இழுக்க, ஆட்கள் தள்ள, லாரி அக்கரை ஏறியது. என்ன ஆரவாரம் தெரியுமா! சாக்கை உருவினேன், கூடவே ஒரு கை மண் வந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். வளைவைத் தாண்டிப் போன மண் உள்ளேயே நின்றது. வண்டி இருமி இருமிக் கிளம்பியது. கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் பின்னால் வந்தவர்கள் எல்லாம் கறுத்துப்போனார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நாள் பம்பைக் கழற்றினோம், இன்ஜெக்டரைக் கழற்றினோம். நானும் சேர்ந்துதான் கழற்றினேன், மண்டையில் எதுவும் உறைக்காமல். மூன்றாம் நாள் ரத்தினம் அண்ணன் ஜாயின்டைத் தளர்த்தினார். புகை நின்றது. குழாயைக் கழற்றித் தரையில் நாலு தட்டு தட்டினார். டொக்கென்று விழுந்தது ஒரு செங்கல்! எஞ்சின் சூட்டில் நன்றாக வெந்து, வைக்கோல் தடம் கோடு கோடாகப் பதிந்த, உருண்டைச் செங்கல். அதன் மேல் என் விரல் பதிந்திருந்தது.

அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னாடா ஏழுமல, சைலன்சருக்குள்ள சூள போட்டுகினு கீற?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார். இரண்டு லோடு கைவிட்டுப் போன ஆத்திரம் அவருக்கு. "எவன்டா இத்த வச்சவன்?"

நான் பேசவில்லை. அப்போது எனக்கு வெளிநாட்டு வேலைக்கு முதலாளியின் கையெழுத்துப் போட்ட அனுபவச் சான்று வேண்டியிருந்தது. ரத்தினம் அண்ணனுக்கு அது தெரியும்.

"நான்தான் மொதலாளி. வெள்ளத்துல அவசரமா அடைச்சேன், எடுக்க மறந்துட்டேன்" என்றார் அவர்.

மறுநாளே கல்கத்தா லைனிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் லாரி கொடுத்தார்கள், ரயில்வே ஸ்டேஷனுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவே ஓட்ட. என்னைத் தனியாகப் பார்த்தபோது "வுடுடா, நீ மொதல்ல போய்ச் சேரு" என்றார். சான்றில் கையெழுத்து வாங்கினேன், வந்தும் சேர்ந்தேன். டீக்கடையில் அவர் அதற்குப் பிறகு ஆற்றுப் பாலங்களைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. இதை இத்தனை வருஷத்தில் சரோஜாவிடம்கூடச் சொன்னதில்லை. வெட்கம், வேறென்ன.

4

மறுபடி டெப்போவுக்கு வாருங்கள். பதினாலாம் நம்பரின் கடைசிக் குழாயைக் கழற்றி இறக்கினேன். வளைவில் விரலை விட்டால் ஏதோ தட்டுப்பட்டது. கம்பியால் கொக்கி போட்டு இழுத்தேன். கரி பிடித்துக் கெட்டியான ஒரு துணிச் சுருள். எரியாத கல்நார்த் துணி, சூடான குழாய்களுக்கு மேலே சுற்றுகிற துணி.

பார்த்த மாத்திரத்தில் எனக்கு அடையாளம் தெரிந்தது. வைத்த கை அல்லவா!

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இங்கே கொட்டோ கொட்டென்று மழை. நான் ஓவர்டைமில் இருந்தேன். சாக்கடை பொங்கி யார்டில் தண்ணீர் ஏறியது. பின்னால் மூன்று பஸ்கள் நின்றன, சாவிகள் பூட்டிய ஆபீஸுக்குள். தண்ணீர் புகைக்குழாயைத் தொடப் போனது. ஊத்துக்கோட்டைக்காரன் கை சும்மா இருக்குமா? களிமண்ணுக்கும் வைக்கோலுக்கும் எங்கே போவது? அகப்பட்ட கல்நார்த் துணியையும் சாக்கையும் சுருட்டி மூன்று குழாய்களையும் அடைத்து, விளக்குமாற்றுக் கட்டையால் குத்தினேன். திங்கட்கிழமை விடியற்காலை மூன்று சாக்கையும், கூட வந்த துணியையும் எடுத்துவிட்டேன். பெருமைகூடப் பட்டேன். பதினாலில் மட்டும் துணி வளைவைத் தாண்டி நின்றுவிட்டது. புகை வெளியே தள்ளத் தள்ள அது வளைவில் இன்னும் இறுகியிருக்கிறது. இரண்டு கண்டம், இரண்டு வெள்ளம், ஒரே முட்டாள்!

ஆல்பர்ட் வந்து கையில் வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. "ஜார்ஜ்தான்" என்றார். போன மாதம் அந்த சைலன்சரை மாட்டியவர் ஜார்ஜ். உள்ளே துணியை விட்டுவிட்டு மாட்டியிருக்கிறார், லீவிலிருந்து வரட்டும், கிரேடைக் குறைக்கிறேன் என்று சொல்லிவிட்டு என் முதுகில் தட்டினார். கெட்டிக்காரன் என்றார். முதல் கிரேடுக்கு உன் பெயரைச் சிபாரிசு செய்வேன் என்றார்.

தலையை ஆட்டினால் போதும். யாரும் பார்க்கவில்லை. பஸ் சரியாகிவிட்டது, பெண் சொன்ன சொல் நிற்கும், கிரேடும் ஏறும். மீன் பிடிக்கப் போனவர் ஏமாந்துபோவார், அவ்வளவுதான்.

என் காதில் டொக்கென்று அந்தச் செங்கல் விழுகிற சத்தம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

"ஜார்ஜ் இல்லை. நான் வைத்தேன்" என்றேன். இலக்கணமெல்லாம் எங்கேயோ போனது. மழை, யார்டு, சாவி, சாக்கு என்று கையாலும் காலாலும் சொல்லி முடித்தேன். ஆல்பர்ட் என்னைத் தன் மேஜைக்குக் கூட்டிப் போனார். பிறகு டிராயரைத் திறந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்தார். தவறு செய்தவர் தன் கையாலேயே எழுத வேண்டிய தாளாம். வீட்டில் எழுதி நாளைக்குக் கொண்டு வா என்றார். முதல் கிரேடைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

எனக்கு அழுகை வர வேண்டும். வரவில்லை. பஸ் பிடிக்காமல் வீடு வரைக்கும் நடந்தே போனேன், கொஞ்ச தூரம் ஓடினேன் என்றுகூடச் சொல்லலாம். வயிற்றில் பன்னிரண்டு வருஷமாக இருந்த அடைப்பு எடுபட்டால் மனிதனுக்கும் இழுவை வந்துவிடும் போலிருக்கிறது.

5

வீட்டில் தேவகி கதவருகிலேயே நின்றாள். "சரியாச்சா டாட்?"

"ஆச்சு." அவள் கத்திய கத்தலில் அடுத்த வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்தாள். அந்தச் சந்தோஷத்தின் மேலேயே மஞ்சள் தாளை வைத்தேன். இங்கிலீஷில் எழுத அவளைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் சொல்லியாக வேண்டும். சொன்னேன்.

"நைனா!" என்றாள். கோபம் தலைக்கேறிவிட்டது. "நீயே அடச்சியா? நான் எல்லார்கிட்டயும் இன்னா சொல்லி வச்சிருக்கேன்!" அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சரோஜா என்னை முறைத்தாள். ஊத்துக்கோட்டைக் கதையையும் அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளேயும் கேட்கிற மாதிரி.

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. தேவகி பேனாவோடு வந்து உட்கார்ந்தாள். மஞ்சள் தாளில் அழகாக எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அதிகாரி வந்தார். பஸ்ஸின் பின்னால் நின்று முழு வேகத்தில் ஓட்டச் சொன்னார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடியில் ஒட்டிய தாளைக் கிழித்தார். அந்தச் சத்தத்துக்கு ஈடான நாதஸ்வரம் இந்த ஊரில் கிடையாது! சனிக்கிழமை காலை பதினாலாம் நம்பர் பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறியதைப் பார்க்கப் போனேன். சிணுங்காமல் ஏறியது.

மாலை தேவகி செருப்பு நிறைய மணலோடு வந்தாள். போகும் வழியெல்லாம் பிள்ளைகளுக்கு முழுக்கதையையும் சொன்னாளாம். மாடு இழுத்த லாரி, செங்கல், பஸ் எல்லாம். திரும்பி வரும்போது மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார்களாம். "பஸ்ஸ அடைச்சது எங்க டாட், எடுத்ததும் எங்க டாட், சொன்னதும் எங்க டாட்னு சொல்ட்டேன்" என்று சொல்லிவிட்டு, மணலைத் தட்டியபடியே கேட்டாள்.

"அந்த ரத்தினம் அங்கிளோட மொதலாளிக்கு உண்மைய யார் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா."

"ஏன்?"

அவள் உள்ளே போய், மூன்று மாதமாகக் கிடந்த பத்திரிகைக்காரரின் கடிதத்தையும் ஒரு கட்டு வெள்ளைத் தாளையும் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருக்கிறாள். தமிழ் படிக்கத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அந்த இடம் வந்துவிட்டதா என்று கேட்கிறாள். வந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டி ஜி.என்.டி. ரோட்டில் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் யாராவது ஒர்க்‌ஷாப்புக்குப் போய் முதலாளியிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். தண்ணீர் லாரியை நிறுத்தி ரத்தினம் அண்ணனையும் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

மொதலாளி, அந்தக் களிமண்ணைப் பிசைந்தவன் நான். ஏழுமலை.